ஆயுள் சந்தா வாங்கின சங்கம் கடன் வாங்கியிருக்கு: பொருளாளர் ஆகப்போற தம்பி தங்கைகளுக்கு ஒரு ஆடிட்டர் எழுதறது



வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னு உங்க சொந்தப் பணத்தைப் பத்தித்தான் பேசுவோம். இன்னிக்குக் கொஞ்சம் வேற விஷயம். நீங்களும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு பொது டப்பாவுல போடற பணத்தைப் பத்தி.

எங்க தெருவுல வளர்ந்த ஒரு தம்பி. சிவில் இன்ஜினியர், வயசு 29, ஒரு கட்டுமானக் கம்பெனியில மாசச் சம்பளம். அவனோட தொழில்ல இருக்கறவங்களுக்கான மாவட்டச் சங்கம் ஒண்ணுல உறுப்பினர். போன வருஷப் பொதுக்குழுவுல, "தம்பி, நீங்க எக்செல் எல்லாம் நல்லா போடுவீங்களே, பொருளாளரா இருங்க"ன்னு சொல்லி சால்வை போட்டுட்டாங்க. அவனுக்கும் சந்தோஷம். வீட்டுல அம்மா அந்த போட்டோவை ஸ்டேட்டஸ் வெச்சாங்க.

எட்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினான். "அக்கா, சங்கத்துல ஒரு பிரச்சினை. பேசலாமா?"

சங்கத்துல ஒரு மூத்த உறுப்பினர், 54 வயசு, திடீர்னு மாரடைப்புல இறந்துட்டார். காரியம் எல்லாம் முடிஞ்சு அவரோட மனைவி சங்க அறைக்கு வந்திருக்காங்க. கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அதுக்குள்ள ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ரசீது. குடும்ப நல நிதிக்கு 1,000 ரூபாய் கட்டினதுக்கு. உறுப்பினர் இறந்தா குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தரப்படும்னு பின்னாடி அச்சடிச்சிருக்கு. சங்கத்தோட சீல் இருக்கு.

வங்கிக் கணக்குல இருந்தது 41,000. அதுல மாநாட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்.

"அந்த அம்மா திட்டக்கூட இல்லக்கா. எப்போ வரணும்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியல."

அவன் அனுமதியோடதான் இதை எழுதறேன். சங்கத்தோட பேரும் ஊரும் வேண்டாம். ஏன்னா இது அந்த ஒரு சங்கத்தோட கதை மட்டும் இல்ல. நான் கணக்குப் பார்த்த பல சங்கங்கள்ல, தொகை மட்டும் மாறும், கதை இதேதான்.

யாரும் திருடல, ஆனா பணம் இல்ல

மறுநாள் அவனை நோட்டு, ரசீது புத்தகம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். பார்த்தது இதுதான்.

பதிவேட்டுல உறுப்பினர்கள் 412 பேர். அதுல ஆயுள் உறுப்பினர்கள் 296. மீதி 116 பேர் வருஷச் சந்தாக்காரங்க. சந்தா 500 ரூபாய். அந்த 116ல இந்த வருஷம் கட்டினவங்க 47 பேர். அதாவது 23,500 ரூபாய்.

ஆயுள் சந்தா 3,000 ரூபாய். சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து 15 வருஷமா அதே தொகை. 296 பேர்கிட்ட வாங்கினது மொத்தம் 8,88,000. இன்னிக்கு எஃப்டில இருக்கறது 1,50,000.

மீதி 7,38,000 எங்க போச்சு? நானும் முதல்ல ஏதாவது கை வெச்சிருப்பாங்களோன்னுதான் தேடினேன். இல்லைங்க. ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர் இருக்கு. அறை வாடகை, காலண்டர், மாநாட்டு பேனர், சால்வை, மதியச் சாப்பாடு, பார்ட் டைம் கிளார்க் சம்பளம். எல்லாம் செயற்குழு ஒப்புதலோட நடந்த செலவு. வந்தவங்க எல்லாரும் நேர்மையானவங்க, சிலர் சொந்தக் காசையும் போட்டிருக்காங்க.

தப்பு ஒரே இடத்துல. வருஷா வருஷம் வந்த ஆயுள் சந்தாவை அந்த வருஷத்து வருமானம்னு எழுதி, அந்த வருஷமே செலவு பண்ணிட்டாங்க.

பிளஸ் டூல காமர்ஸ் குரூப் எடுத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கணக்குப் பதிவியல்ல இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குன்னு தனிப் பாடமே உண்டு. அதுல ஆயுள் உறுப்பினர் கட்டணம் முதலின வரவு, அதை வருவாய் செலவினக் கணக்குல காட்டாம இருப்புநிலைக் குறிப்புல பொறுப்புப் பக்கம் காட்டணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. நாமளும் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டோம். அந்த ரெண்டு மார்க்தான் இங்க 7,38,000 ரூபாய்.

ஏன் அது பொறுப்பு? ஒருத்தர் 3,000 கட்டினார்னா, சங்கம் அவருக்கு ஒரு வாக்கு கொடுத்திருக்கு: "இனி உங்க வாழ்நாள் முழுக்க உங்ககிட்ட சந்தா கேட்க மாட்டோம், ஆனா எல்லாம் செய்வோம்." பணம் ஒரே நாள்ல வருது. செலவு முப்பது வருஷத்துக்கு வரப்போகுது. முப்பது வருஷத்துக்குச் சேவை செஞ்சு அடைக்க வேண்டிய கடன் அது.

ஒரு சின்னக் கணக்கு

இந்தச் சங்கத்தோட வருஷச் செலவைப் போட்டுப் பார்த்தோம். மாநாட்டை விட்டுடுங்க, அது தனி வரவு செலவு.

அறை வாடகை மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000.
கிளார்க் மாசம் 3,000, வருஷத்துக்கு 36,000.
நாலு கூட்டத்துக்கு 20,000.
தணிக்கை, பதிவாளர் அலுவலகத் தாக்கல், இதர செலவு 12,000.

மொத்தம் 1,16,000. இதை 412 பேரால வகுத்தா, ஒரு உறுப்பினருக்கு வருஷம் சுமார் 280 ரூபாய்.

இப்போ 3,000 ரூபாயைத் தொடாம 7% வட்டியில போட்டிருந்தாக்கூட கிடைக்கறது 210. அதாவது முழுப் பணமும் பத்திரமா இருந்தாலே ஒவ்வொரு ஆயுள் உறுப்பினராலயும் சங்கத்துக்கு வருஷம் 70 ரூபாய் கையை விட்டுப் போகுது. இங்கயோ அந்தப் பணமும் இல்ல. இருக்கற 1,50,000க்கு வட்டி 10,500.

வருஷச் சந்தா 23,500, வட்டி 10,500. ரெண்டும் சேர்த்து 34,000. செலவு 1,16,000. துண்டு விழறது 82,000.

இத்தனை வருஷம் அது எப்படி ஓடிச்சு? இந்த வருஷம் புதுசா 22 பேர் ஆயுள் உறுப்பினரா சேர்ந்தாங்க. 66,000 வந்துச்சு. மீதிய மாநாட்டு ஸ்பான்சர் பணத்துல சரிக்கட்டினாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புதுசா வர்றவங்க பணத்தை வெச்சு பழையவங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தறது. இந்த மாதிரி திட்டத்துல பணம் போடாதீங்கன்னு நம்ம சேனல்லயே எத்தனை வீடியோ போட்டிருக்கோம்! இங்க ஏமாத்தற எண்ணம் யாருக்கும் இல்ல. ஆனா கணக்குக்கு எண்ணம் தெரியாது. புது ஆள் வர்றது நின்ன வருஷம் சங்கம் நின்னுடும்.

அப்போ ஆயுள் சந்தா எவ்வளவு வெச்சிருக்கணும்? நான் சொல்ற எளிய வழி இது. வரி போக கிடைக்கற வட்டியும் விலைவாசி ஏறுறதும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ எத்தனை வருஷம் சேவை தரப்போறோமோ, இன்னைய வருஷச் செலவை அத்தனையால பெருக்கினா போதும். 30 வயசுல ஒருத்தர் சேர்ந்து 60 வரைக்கும் இருப்பார்னா 30 வருஷம். 30 பெருக்கல் 280, அதாவது 8,400. நாம வாங்கினது 3,000. அதே 50 வயசுக்காரர் சேர்ந்தா 10, 15 வருஷம்தான். அவருக்கு 3,000, 4,000 சரியா இருக்கும். அதனால எல்லா வயசுக்கும் ஒரே ஆயுள் சந்தாங்கறதே தப்பு.

நாலாவது குடும்பம்

குடும்ப நல நிதிக்கு வருவோம். எனக்குத் தூக்கம் வராம பண்ணினது இதுதான்.

அந்தத் திட்டத்துல சேர்ந்தவங்க 180 பேர். ஒரே ஒரு தடவை ஆளுக்கு 1,000. மொத்தம் 1,80,000. வாக்குக் கொடுத்தது ஆளுக்கு 50,000. ஒன்பது வருஷத்துல மூணு பேர் இறந்தாங்க, மூணு குடும்பத்துக்கும் விழா எடுத்து மேடையில செக் கொடுத்தாங்க. 1,50,000 போச்சு. மீதி 30,000.

திட்டம் போட்ட அன்னிக்கே அதுல மூணு சாவுக்குத்தான் பணம் இருந்துச்சு. நாலாவது குடும்பத்துக்கு இல்ல. 180 பேருக்கு வாக்குக் கொடுத்தப்போ ஒருத்தராவது 1,80,000ஐ 50,000ஆல வகுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரும் வகுக்கல. நல்ல மனசோட ஆரம்பிச்ச திட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கறதே ஏதோ அபசகுனம் மாதிரி நினைச்சுட்டாங்க.

இன்னொண்ணு, அந்த மிச்ச 30,000 தனியா எங்கயும் இல்ல. ஆயுள் சந்தா, வருஷச் சந்தா, மாநாட்டுப் பணம், நல நிதி எல்லாம் ஒரே கணக்குல கலந்து கிடக்கு. தொழிலாளர் சங்கங்களுக்காக 1926லயே வந்த தொழிற்சங்கச் சட்டத்தைப் பாருங்க. பொது நிதியை எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு பட்டியல் போட்டு, அரசியல் காரியத்துக்குப் பணம் வேணும்னா தனி நிதி வெச்சுக்கோ, அதுக்கு யாரையும் கட்டாயப்படுத்தாதேன்னு அதுல இருந்துச்சு. எந்தப் பணம் எதுக்குன்னு பிரிச்சு வைக்கணும்ங்கற புத்தி நமக்குப் புதுசு இல்ல.

தம்பி கேட்டான், "இப்போ என்ன பண்றதுக்கா?"

"முதல்ல அந்த அம்மாவுக்குப் பணம் போகட்டும். எஃப்டியை முன்கூட்டியே முடிச்சு 50,000 கொடுங்க, மீதியைத் திரும்ப எஃப்டி போடுங்க. கணக்குல 30,000 நல நிதியில இருந்து, 20,000 ஆயுள் உறுப்பினர் நிதி நல நிதிக்குக் கொடுத்த கடன்னு எழுதுங்க. அப்புறம் பொதுக்குழுவைக் கூட்டி இந்தத் தாளை அப்படியே வாசிச்சுக் காட்டுங்க."

தலைவர் என்கிட்ட நேர்லயே பேசினார். பெரியவர், மரியாதையான மனுஷன். "அம்மா, கணக்கை இப்படி வெளிய சொன்னா சங்கத்தோட மானம் போயிடும்மா. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இதை முடிச்சுடலாம்"னார். நான் சொன்னது இதுதான்: "சார், இந்தத் தடவை போட்டுடலாம். அஞ்சாவது குடும்பம் வரும்போது நீங்க தலைவரா இருக்க மாட்டீங்க. இந்தத் தம்பியும் பொருளாளரா இருக்க மாட்டான். அப்போ ரசீதை எடுத்துட்டு வர்றவங்க யாரைக் கேட்பாங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் கூட்டத்துக்கு அவரே தேதி குறிச்சார்.

பொதுக்குழுவுல சத்தம் வந்துச்சு. "நாங்க வாழ்நாளுக்குக் கட்டியாச்சு, மறுபடி எதுக்குக் கேட்கறீங்க?"ன்னு ஆயுள் உறுப்பினர்கள் கேட்டாங்க. அது நியாயமான கேள்வி. வாக்குக் கொடுத்தாச்சு, கட்டாயப்படுத்த முடியாது. அதனால வருஷம் 300 ரூபாய் விருப்பப் பங்களிப்புன்னு வேண்டுகோளாத்தான் வெச்சாங்க. 296ல இதுவரைக்கும் 112 பேர் கொடுத்திருக்காங்க, 33,600 ரூபாய். புது ஆயுள் சேர்க்கையை நிறுத்தி வெச்சிருக்காங்க. புதுசா வர்றவங்களுக்கு வருஷம் 600. நல நிதியை மாத்தி, ஒரு உறுப்பினர் இறந்தா மத்தவங்க ஆளுக்கு 300 போடணும், வசூலாகறதை அப்படியே குடும்பத்துக்குக் கொடுக்கணும்னு வெச்சாங்க. தொகை எவ்வளவுன்னு உறுதி சொல்றது கிடையாது. இதைக் கேட்டு 180ல 41 பேர் விலகிட்டாங்க. மீதி 139 பேர். எல்லாரும் போட்டா 41,700.

பழைய 50,000ஐ விடக் குறைச்சல்தான். ஆனா உண்மையிலேயே கைக்கு வரக்கூடிய பணம். நிச்சயமான தொகை வேணும்னா சங்கமே இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி நடந்துக்கக் கூடாது. உறுப்பினர்கள் பேர்ல ஒரு குரூப் டேர்ம் பாலிசி எடுக்கறதுதான் வழி. அதை அடுத்த வருஷத்துக்குப் பேசிட்டு இருக்காங்க.

"சேவையில கார்ப்பரேட் கணக்கு பார்க்காதீங்க"

இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? சங்கம்னா சேவை, பாசம், ஒற்றுமை. அதுல போய் வட்டி, மடங்குன்னு பேசறது அசிங்கம்னு ஒரு நினைப்பு.

நான் அப்படி நினைக்கல. ரசீதை எடுத்துட்டு வந்த அந்த அம்மாகிட்ட பாசத்தைக் கொடுத்து அனுப்ப முடியாது. வாக்குக் கொடுக்கும்போது கணக்குப் பார்க்காம, வாக்கைக் காப்பாத்த வேண்டிய நேரத்துல "இது சேவைம்மா"ன்னு சொன்னா அது சேவையே இல்ல.

ரெண்டாவது வாதம்: "சந்தாவை ஏத்தினா ஆள் போயிடுவாங்க." கொஞ்சம் பேர் போவாங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்த 116 பேர்ல 69 பேர் கட்டலையே, 500 ரூபாய் அதிகம்னா? நாங்க 20 பேருக்குப் போன் போட்டோம். அதிகப் பேர் சொன்ன பதில், "யாருமே கேட்கலையே சார்." ஞாபகப்படுத்த ஒரு மெசேஜ் போகல, கட்ட ஒரு க்யூஆர் கோடு இல்ல. பதிவேட்டுல இறந்து போனவங்களே 19 பேர் இருந்தாங்க. பல பேரோட நம்பர் வேற யாருக்கோ போகுது. சங்கத்தோட உண்மையான சொத்து வங்கி இருப்பு இல்ல, உறுப்பினர் பதிவேடு. அது சுத்தமா இருந்தா பணம் தானா வரும். அது அழுகிப் போயிருந்தா பொதுக்குழுவுக்குக் கோரம் கூடச் சேராது.

நீங்க பொருளாளர் ஆனா

உங்கள்ல பாதிப் பேருக்கு என்னிக்காவது ஒரு நாள் இந்த சால்வை விழும். தொழில்முறை சங்கம், ஆபீஸ் ஊழியர் சங்கம், அப்பார்ட்மென்ட் சங்கம், ஏதாவது ஒண்ணு. சம்பளக்காரங்க, எக்செல் தெரியும், சின்ன வயசு. மாட்டிக்குவீங்க. அதனால சில விஷயம்.

1. உங்க சொந்த ஜிபேல ஒரு ரூபாய் கூட வாங்காதீங்க. இந்தத் தம்பி மாநாட்டுப் பதிவுக் கட்டணம் 2,40,000 ரூபாயை அவன் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வாங்கி வெச்சிருந்தான், "க்யூஆர் எடுக்க லேட் ஆகும்"னு. நாளைக்கு வருமான வரித் துறை கேட்டா அது உங்க வருமானம் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான். சங்கத்துக்குத் தனி பான், தனி அக்கவுன்ட், ரெண்டு பேர் கையெழுத்து. பதிவு பெற்ற சங்கத்துக்கு சேவிங்ஸ் அக்கவுன்ட்டே திறக்கலாம், அதுக்கு ரிசர்வ் வங்கி விதியில இடம் இருக்கு.

2. மூணு டப்பா. ஆயுள் உறுப்பினர் நிதி, நல நிதி, பொது நிதி. முதல் ரெண்டும் தனித்தனி எஃப்டி. ஆயுள் நிதியில வட்டியை மட்டும் தொடலாம்னு விதியிலயே எழுதுங்க. விதியை மாத்த பொதுக்குழுவுல சிறப்புத் தீர்மானம் போட்டு பதிவாளர் அலுவலகத்துல தாக்கல் பண்ணணும்.

3. பதிவாளரை மறக்காதீங்க. நம்ம ஊர்ல பெரும்பாலான சங்கங்கள் 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானவை. வருஷா வருஷம் பொதுக்குழு நடத்தணும், கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துல தாக்கல் பண்ணணும், நிர்வாகி மாறினா தெரிவிக்கணும். நிர்வாகக் குழுவோட பதவிக்காலம் மூணு வருஷத்தைத் தாண்டக் கூடாது. நாலஞ்சு வருஷம் தாக்கல் பண்ணாம விட்டா, நிர்வாகி மாறினதை பேங்க்ல காட்டறதுக்குக் கூடக் காகிதம் இருக்காது.

4. "சங்கத்துக்கு டாக்ஸ் கிடையாது"ங்கறது பாதி உண்மை. உறுப்பினர்கள் போட்ட பணம் உறுப்பினர்களுக்கே செலவாகி மிஞ்சினா, அதுக்குப் பொதுவா வரி இல்ல. நமக்கு நாமே லாபம் சம்பாதிக்க முடியாதுங்கற பரஸ்பரக் கோட்பாடு அது. ஆனா எஃப்டி வட்டி பேங்க்கிட்ட இருந்து வருது. பெங்களூரு கிளப் வழக்குல 2013லயும் செகந்திராபாத் கிளப் வழக்குல 2023லயும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு: வங்கி வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்பான்சர், ஸ்டால் வாடகை, உறுப்பினர் அல்லாதவங்க கட்டற கட்டணம் எல்லாம் அதே மாதிரிதான். உறுப்பினருக்கே தனியா ஒரு குறிப்பிட்ட சேவை செஞ்சு காசு வாங்கினா அது தொழில் வருமானம்.

இதுல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. 1961 சட்டத்தோட 44ஏ பிரிவு தொழில்முறை சங்கங்களுக்காகவே வெச்சது. உறுப்பினர் நலனுக்கான செலவு சந்தாவை விட அதிகமா இருந்தா, அந்தத் துண்டை மத்த வருமானத்துல கழிச்சுக்கலாம்; மொத்த வருமானத்துல பாதி வரைக்கும். ரிட்டர்ன் போட்டாத்தான் இது கிடைக்கும். 2026 ஏப்ரல் 1ல இருந்து 2025ஆம் வருஷப் புதுச் சட்டம்ங்கறதால பிரிவு எண்கள் வேற, உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

5. ஜிஎஸ்டி. சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு பண்ணணும். சின்னச் சங்கம் அந்த வரம்புக்குள்ளதான் இருக்கும், ஆனா ஒரு பெரிய மாநாடு நடத்தின வருஷம் தாண்டிடும். சங்கமும் உறுப்பினரும் வேற வேற ஆள்னு வெச்சு சந்தாவுக்கும் வரி போடற மாதிரி 2021ல சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை வரைக்கும் பின்தேதியிட்டாங்க. கேரள உயர் நீதிமன்றம் 2025ல மருத்துவர் சங்கம் ஒண்ணோட வழக்குல அந்தத் திருத்தம் செல்லாதுன்னு சொல்லியிருக்கு. அதை மட்டும் நம்பி நம்ம ஊர்ச் சங்கம் சும்மா உட்கார முடியாது. தொழில், கல்வி, சமூக நலன் மாதிரி நோக்கத்துக்காகப் பதிவான லாப நோக்கற்ற சங்கத்துக்கு, ஆளுக்கு வருஷம் 1,000 ரூபாய் வரைக்கும் சந்தாவுக்கு விலக்கும் இருக்கு.

நீங்க வெறும் உறுப்பினர்தான்னா

ஆயுள் சந்தா ஃபார்ம் நீட்டினா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. ஒண்ணு, இதுவரைக்கும் வாங்கின ஆயுள் சந்தா மொத்தம் எவ்வளவு? ரெண்டு, இன்னிக்கு எஃப்டில எவ்வளவு இருக்கு? மூணு, போன வருஷத் தணிக்கை அறிக்கை எங்க?

முதல் ரெண்டு தொகையும் பக்கத்துல பக்கத்துல வந்தா தைரியமா சேருங்க. 8,88,000க்கும் 1,50,000க்கும் மாதிரி இருந்தா வருஷச் சந்தாவே கட்டுங்க. சேரவே வேண்டாம்னு சொல்லல. சங்கம் வேணும். சம்பளம் நிலுவையானாலோ, வேலை போனாலோ, தொழில்ல அநியாயமா ஒரு நோட்டீஸ் வந்தாலோ தனியா நிக்கறவனுக்கும் சங்கத்தோட நிக்கறவனுக்கும் வித்தியாசம் இருக்கு. அதனாலதான் அது நல்லா இருக்கணும்னு இவ்வளவு எழுதறேன்.

ஒண்ணு மட்டும் எதிர்பார்க்காதீங்க: சங்கச் சந்தாவை உங்க சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. சொந்தமா தொழில் பண்றவங்களுக்குத்தான் அது செலவு. சந்தா நன்கொடையும் இல்ல, அதனால 80ஜியும் வராது.

அப்புறம், சங்கம் தர்ற நல நிதியை உங்க குடும்பத்தோட பாதுகாப்பா நினைக்காதீங்க. அது கூட இருக்கறவங்க கொடுக்கற ஆறுதல், அவ்வளவுதான். டேர்ம் இன்சூரன்ஸ் உங்க பேர்ல, நீங்களே கட்டி, நாமினி பேர் சரியா போட்டு வெச்சுக்கோங்க. இறந்து போனவரோட குடும்பத்துக்கு அப்படி ஒரு பாலிசி இருந்திருந்தா, அந்த அம்மா ஒன்பது வருஷத்து ரசீதைக் கவர்ல போட்டு எடுத்துட்டு ரெண்டு மாடி ஏறி வந்திருக்க வேண்டியதில்ல.

தம்பி இன்னும் பொருளாளராத்தான் இருக்கான். ராஜினாமா பண்ணிடறேன்னு ஒரு தடவை சொன்னான், நான்தான் வேண்டாம்னேன். போன மாசம் பதிவேட்டுல எல்லாருக்கும் போன் போட்டு முடிச்சுட்டான். உயிரோட இருக்கற, நம்பர் வேலை செய்யற உறுப்பினர்கள் 318 பேர். அந்த நம்பரை அனுப்பி, "அக்கா, இப்போதான் சங்கத்துல எத்தனை பேர்னு தெரியுது"ன்னு மெசேஜ் போட்டிருந்தான்.

உங்க சங்கத்துல ஆயுள் சந்தா கணக்கு எப்படி இருக்குன்னு அடுத்த பொதுக்குழுவுல எழுந்து கேளுங்க. கேட்டதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க. நல நிதித் திட்டத்துக்கு எவ்வளவு வசூல் பண்ணணும்னு கணக்குப் போடற எக்செல் ஷீட்டை அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டறேன்.